கோட்டில் பொறுத்து நிற்கும் பிள்ளையை ‘மரம்’ என்று ஏசாதீர்கள்

யாழ். மாவட்டப் பாடசாலைகளின் உடற்கல்வி ஆசிரியர்களுக்கும், ஊர்க் கழகங்களின் பயிற்றுநர்களுக்கும், வலயக் கல்வி அலுவலகங்களில் உடற்கல்விக்குப் பொறுப்பாக இருப்பவர்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரியவர்களே, வணக்கம்.

போன மாதம் 16 வயதுக்குட்பட்டோருக்கான உதைபந்தாட்டப் போட்டி ஒன்றைப் பார்க்கப் போயிருந்தேன். ஆட்டம் சமநிலையில் முடிந்து, சமநிலை தவிர்ப்பு உதைக்குப் போனது. ஒரு பக்கத்துக் கோல்காப்பாளர் ஒல்லியான பெடியன். கையுறை அவனுக்குப் பெரிது. மணிக்கட்டில் றப்பர் வளையம் போட்டு இறுக்கியிருந்தான். மூன்றாவது உதைக்கு அவன் கடைசி மட்டும் அசையவில்லை. உதைக்கிறவன் ஓடிவந்து, ஒரு மூலையைப் பார்த்துக்கொண்டு மற்ற மூலைக்கு அடித்தான். இவன் ஏமாறவில்லை. பந்து போன பக்கத்துக்கே பாய்ந்தான். விரல் நுனியில் பட்டுக்கொண்டு பந்து உள்ளே போனது. வெளியே நின்ற அவனுடைய பயிற்றுநர் கத்தினார்: “மரம் மாதிரி நிக்கிறியேடா, பாயடா!”

நாலாவது உதை. உதைக்கிறவனின் கால் பந்தில் படுவதற்கு முன்னமே இவன் வலப்பக்கம் பாய்ந்துவிட்டான். பந்து நடுவால் உருண்டுகொண்டு போனது. நின்ற இடத்திலேயே நின்றிருந்தால் காலாலேயே தடுத்திருக்கலாம். இந்தத் தடவை ஒருவரும் ஏசவில்லை. “பரவாயில்லை தம்பி, நல்ல முயற்சி” என்று கைதட்டினார்கள்.

அந்தக் கைதட்டல்தான் இந்த மடலை எழுத வைத்தது.

நானும் அந்தக் கோட்டில் நின்றவன். வலிகாமத்தில் ஓர் ஊர்க் கழகத்துக்கு 14 வருடம் கோல் காத்தேன். இப்போது பின்னேரங்களில் ஊர்ப் பிள்ளைகளுக்குப் பந்து பழக்குகிறேன். எனக்கு 19 வயதாக இருக்கும்போது, ஓர் அரையிறுதி ஆட்டத்தில், இதே ‘மரம்’ என்ற சொல் சனம் நிறைந்த மைதானத்தில் எனக்கும் கிடைத்தது. சொன்னவர் என்னில் அக்கறை உள்ள நல்ல மனுசன். ஆனால் அதற்குப் பிறகு ஏழெட்டு வருடம் நான் தண்ட உதைக்குப் பொறுத்து நின்றதே இல்லை. உதைக்கிறவன் கால் தூக்க முதல் ஒரு பக்கம் பாய்ந்துவிடுவேன். பிடித்தால் கெட்டிக்காரன், பிடிக்காவிட்டால் முயன்றவன். ஏச ஒருவருக்கும் இடமில்லை. அப்படி விட்ட பந்துகளை இன்றைக்கும் மனம் எண்ணிக்கொண்டிருக்கிறது.

இது எங்கள் ஊருக்கு மட்டும் உரிய குறை இல்லை. இஸ்ரேலைச் சேர்ந்த மைக்கல் பார்-எலி என்ற ஆய்வாளரும் அவருடைய கூட்டாளிகளும் முன்னணி லீக்குகளிலும் சுற்றுப்போட்டிகளிலும் அடிக்கப்பட்ட 286 தண்ட உதைகளை ஆராய்ந்து 2007 இல் முடிவை வெளியிட்டார்கள். ஏறத்தாழ 29 சதவீதமான பந்துகள் நடுப்பகுதிக்கு வந்திருந்தன. கோல்காப்பாளர்கள் நடுவில் நின்றதோ 6 சதவீதத்துக்குச் சற்று மேல். உலகத் தரத்துக் கோல்காப்பாளர்கள்கூட ஏன் இப்படிச் செய்கிறார்கள்? பாய்ந்து கோல் வாங்கினால் மனம் ஆறிவிடுகிறது, நின்று கோல் வாங்கினால் ஆறுவதில்லை என்பதே அவர்கள் தந்த விளக்கம். பார்க்கிறவர்களும் அப்படித்தான். இதை வாசித்த அன்று எனக்கு அந்த அரையிறுதிதான் ஞாபகத்துக்கு வந்தது.

பிள்ளைகளை நட்டுவைத்த மாதிரி நிற்கவிடச் சொல்லி நான் எழுதவில்லை. கணக்கைப் பாருங்கள். தண்ட உதைப் புள்ளியிலிருந்து கோட்டுக்கு 11 மீற்றர். மணிக்கு 100 கிலோமீற்றர் வேகத்தில் அடித்தால் பந்து வந்து சேர 0.4 செக்கன். கண் கண்டு உடம்பு அசையத் தொடங்கவே 0.2 செக்கன் போய்விடும். கோலின் அகலம் 7.32 மீற்றர், மிச்ச நேரத்தில் மூலைக்குப் போய்ச் சேர ஏலாது. பந்து புறப்பட்ட பிறகு பாய்ந்தால் பிந்திவிட்டது. அவன் ஓடிவரும்போதே பாய்ந்தால், அவனுக்கு நாங்களே வெறும் பக்கத்தைக் காட்டிக்கொடுத்துவிட்டோம். இரண்டுக்கும் இடையில் ஒரு சின்னக் கணம் இருக்கிறது. அவன் ஊன்றுகாலைப் பந்துக்குப் பக்கத்தில் வைக்கிறதில் இருந்து, மற்றக் கால் பந்தில் படுகிற வரைக்கும். கோல்காப்பாளரின் பிழைப்பு முழுக்க அந்தக் கணத்துக்குள்தான்.

நெதர்லாந்தில் சவல்ஸ்பெர்க் என்பவரும் கூட்டாளிகளும், தேர்ந்த கோல்காப்பாளர்களையும் புதியவர்களையும் திரைக்கு முன் நிறுத்தி, அவர்கள் கண் எங்கே போகிறது என்று கருவி வைத்துப் பார்த்தார்கள். 2002 இல் அது வெளிவந்தது. தேர்ந்தவர்கள் முடிவெடுக்கக் கூடுதலாகப் பொறுத்தார்கள். எடுத்த முடிவை மாற்றியதும் குறைவு. கால் பந்தை நெருங்க நெருங்க அவர்களுடைய கண் உதைக்கிற காலிலும் ஊன்றுகாலிலும் பந்தைச் சுற்றியும் நின்றது. புதியவர்களின் கண் கை, உடம்பு, இடுப்பு என்று அலைந்தது.

போக்குக் காட்டுவது எப்படிப் பலிக்கிறது என்பதையும் சொல்லவேண்டும். ஏமாந்த பிள்ளையை “மண்டைக்குள்ள ஒண்டுமில்லையோ” என்று கேட்கிறோமே, அங்கேதான் பெரிய அநியாயம் நடக்கிறது. மூளை ஒரு அசைவுக்குப் பதில் சொல்லத் தொடங்கிவிட்டால், உடனே அடுத்து வருகிற அசைவுக்கு அதே வேகத்தில் பதில் சொல்லாது, சற்றுப் பிந்தும். கெட்டிக்காரப் பிள்ளைக்கும் இது உண்டு, எங்களுக்கும் உண்டு. முதல் அசைவைக் காட்டி ஆளை இழுத்துவிட்டு, அந்தப் பிந்தலுக்குள் இரண்டாவது அசைவால் நழுவுவதுதான் போக்குக் காட்டுகிறவனின் வித்தை. கரப்பந்தாட்டத்தில் முன்னுக்கு எழும்புகிறவன் அடிக்கிற மாதிரிக் கையை வீசி விட்டுவிட, மறிக்க எழும்பிய இருவரும் அந்தரத்தில் நிற்கும்போது பின்னால் வருகிறவன் அடிப்பதும் இதே கணக்குத்தான்.

பார்வையும் இப்படித்தான் எங்களைப் பேய்க்காட்டும். கூடைப்பந்தில் ஒரு பக்கம் பார்த்துக்கொண்டு மறுபக்கம் பந்தைக் கொடுப்பார்கள். ஜேர்மனியில் 2011 இல் வெளியான பரிசோதனைகளில், “பார்வையைக் கவனிக்காதே, பந்து போகும் பக்கத்தை மட்டும் சொல்” என்று தெளிவாகக் கேட்டும், பார்வை மறுபக்கம் இருந்தபோது பதில் சொல்ல நேரம் கூடியது. கவனிக்காதே என்று சொல்லிவைத்தும் கண் இழுபடுகிறது. அப்படியிருக்க, ஒருவரும் சொல்லித்தராத பிள்ளையை ஏன் ஏமாந்தாய் என்று கேட்டு என்ன பயன்?

சொல்லித்தரலாம் என்பதுதான் நல்ல செய்தி. அதை நான் முதலில் கற்றது உதைபந்தாட்டத்தில் அல்ல, தாச்சியில்.

1990களின் தொடக்கத்தில் எங்களுக்கு மின்சாரம் இருக்கவில்லை. பறுவம், அதாவது முழுநிலவு, நெருங்குகிற நாள்களில் கோயில் வீதியில் சாம்பலால் கோடு போட்டுக் கிளித்தட்டு விளையாடுவோம். எங்கள் பக்கத்தில் தாச்சி என்போம். ஒவ்வொரு குறுக்குக் கோட்டிலும் ஒருவர் மறிப்பார். அவர் கோட்டை விட்டு இறங்கக்கூடாது, பக்கவாட்டில்தான் ஓடலாம். நடுக்கோட்டால் ‘கிளி’ என்கிற ஒருவர் ஓடித் திரிவார். எதிர்ப்பக்கத்துக்காரர் அடிவாங்காமல் ஒவ்வொரு தட்டாகக் கடந்து போகவேண்டும். கடக்கிறவன் இடக்காலை வீசுவான், தலையை வெட்டுவான், தோளைச் சாய்ப்பான், திடீரென்று மறுபக்கத்தால் போய்விடுவான். முதல் ஒரு கிழமை எல்லாரும் என்னைக் கடந்து போனார்கள். அம்மம்மாவின் வீட்டுத் திண்ணையில் இருந்து பார்த்துக்கொண்டிருந்த அம்மப்பா ஒருநாள் கூப்பிட்டுச் சொன்னார்: “அவன்ர மூஞ்சையைப் பாக்காத. அரையைப் பார். தலை எங்கயும் ஆடும், கை எங்கயும் ஆடும். அரை போற பக்கம்தான் ஆள் போவான்.” அரை என்று அவர் சொன்னது இடுப்பை.

நிலவு வெளிச்சத்தில் முகம் வடிவாகத் தெரியாது. கண் எங்கே பார்க்கிறது என்று அறவே தெரியாது. தெரிந்ததெல்லாம் மணலுக்கு மேலே அசைகிற கறுப்பு உருவம், அதன் நடுப்பாரம். பொய் சொல்லுகிற பாகங்களை இருட்டு மறைத்து வைத்திருந்தது. பொய் சொல்ல ஏலாத பாகத்தை மட்டும் நாங்கள் பார்த்துப் பழகினோம். இரண்டு பறுவத்துக்குள் என்னைக் கடப்பது கடினமாகிவிட்டது. பகலில் விளையாடும்போதுகூட என் கண் அரைக்குத்தான் போனது.

பல வருடம் கழித்து இதையே வேறு வார்த்தையில் வாசித்தேன். றக்பியில் பந்தோடு ஓடிவருகிறவர் பக்கம் மாறி வெட்டுவதைப் பற்றி 2012 இல் பிரான்சையும் பெல்பாஸ்ற்றையும் சேர்ந்த ஆய்வாளர்கள் எழுதியது அது. ஏமாற்ற வருகிறவர் தலையையும் தோளையும் வெளிக்காலையும் மிகைப்படுத்திக் காட்டலாம். ஆனால் உடம்பின் பாரம் கூடும் மையம் உண்மையில் போகிற பக்கத்துக்குத்தான் நகரவேண்டும், அதை மறைக்க ஏலாது. தேர்ந்த ஆட்டக்காரர்கள் கூடுதல் நேரம் பொறுத்து அந்த உண்மையான அசைவைப் பிடித்தார்கள். புதியவர்கள் முந்தி அசைந்து பொய்யான அசைவில் மாட்டினார்கள். அதற்கு முன், 2006 இல், றொபின் ஜக்சனும் கூட்டாளிகளும் இத்தகைய ஓட்டங்களின் காணொளியை வெவ்வேறு கணத்தில் வெட்டிக் காட்டிக் கேட்டபோதும், திறமை கூடியவர்கள் போக்குக் காட்டலில் மாட்டுவது குறைவாகவே இருந்தது.

இங்கே ஒன்றை மாற்றிப் பிடித்துவிடக்கூடாது. ‘அரையைப் பார்’ என்பது ஆள் கடக்க வருகிற ஆட்டங்களுக்கு. தாச்சி, கபடி, உதைபந்தில் எதிராளியோடு நேருக்கு நேர் நிற்கும் பின்கள ஆட்டக்காரர் எல்லாருக்கும் அது பொருந்தும். தண்ட உதையில் ஆள் கடப்பதில்லை, பந்துதான் வருகிறது. அங்கே காலையும் பந்தையும் பார்க்கவேண்டும். நான் என் பிள்ளைகளுக்கு முதல் வருடம் இதைக் குழப்பிச் சொல்லிக்கொடுத்துவிட்டேன். இரண்டு கோல்காப்பாளர் பிள்ளைகள் அதைத் திருத்திக்கொள்ள மாதக்கணக்கு எடுத்தது. எந்த ஆட்டத்தில் எந்தப் பாகம் உண்மை பேசும் என்று பயிற்றுநர்தான் தெரிந்து சொல்லவேண்டும்.

துடுப்பாட்டப் பயிற்றுநர்களுக்கு இது புதிதாக இராது. 1904 முதல் யாழ். மத்திய கல்லூரியும் சென். ஜோன்ஸ் கல்லூரியும் மோதிவரும் மண் இது. அந்த மத்திய கல்லூரியில் இருந்து வந்த விஜயகாந்த் வியாஸ்காந்த் 2020 இல் லங்கா பிரீமியர் லீக்கில் யாழ்ப்பாண அணிக்கு ஆடி, 2024 மே மாதம் ஐ.பி.எல். போட்டியில் சன்ரைசர்ஸ் ஹைதராபாத் அணிக்குப் பந்து வீசினார். அவர் மணிக்கட்டுச் சுழற்பந்து வீச்சாளர். அந்தக் கலையின் உயிரே போக்குக் காட்டுதல்தான். வெளியே திரும்பும் பந்துக்கு உரிய அதே ஓட்டம், அதே கைவீச்சு. விடுகிற கணத்தில் மணிக்கட்டு கூடுதலாகத் திரும்பி, புறங்கை துடுப்பாட்டக்காரரைப் பார்த்தால் அது கூக்ளி, உள்ளே வரும். தரையில் பட்டபிறகுதான் தெரிந்துகொள்வேன் என்று நிற்கிறவருக்கு, அனேகமாக 0.2 செக்கன் அளவுதான் மிச்சம். அவர் கையைப் பார்த்திருக்கவேண்டும். லாண்ட், மக்லியோட் என்ற இருவர் 2000 இல் காட்டியபடி, நல்ல துடுப்பாட்டக்காரரின் கண் பந்தைத் தொடர்ந்து கொண்டே வருவதில்லை. கையை விட்டுப் புறப்படும்போது பார்க்கும், பிறகு பந்து விழப்போகும் இடத்துக்கு முன்கூட்டியே தாவி அங்கே காத்திருக்கும்.

இலங்கை அணியின் சுழற்பந்து வீச்சாளராக இருந்த அஜந்த மெண்டிஸை நினைத்துப் பாருங்கள். 2008 ஆசியக் கிண்ண இறுதியாட்டத்தில் இந்தியாவுக்கு எதிராக 13 ஓட்டங்களுக்கு 6 இலக்குகள். விரலால் சுண்டி விட்ட அந்தப் பந்தை அன்றைக்கு வாசிக்க ஆளில்லை. காலம் போக எதிரணிகள் காணொளியில் அவருடைய விரலைத் திரும்பத் திரும்பப் பார்த்துப் பழகியதும் அந்தப் பந்து பழைய பாடு படுத்தவில்லை. பார்த்துப் பழகினால் எவ்வளவு பெரிய வித்தையும் பிடிபடும்.

இனி எங்கள் மைதானங்கள். மூன்று மணிக்குப் பயிற்சி, நாலரைக்கு ரியூசன். கிடைக்கிற நேரத்தில் பிள்ளைகளை வரிசையில் விட்டு, கூம்புகளுக்கு இடையால் பந்தை வளைத்துக்கொண்டு போகச் சொல்லுகிறோம். கூம்பு போக்குக் காட்டாது. கூம்பு ஏமாறவும் மாட்டாது. பந்தைக் காலோடு ஒட்டவைக்க அது உதவும், மறுக்கவில்லை. ஆனால் மாதக்கணக்கில் கூம்பைப் பார்த்த பிள்ளை முதல் முறை உயிருள்ள ஆளைச் சந்திப்பது போட்டியில்தான், அதுவும் பெற்றோர் முன்னிலையில். அங்கே ஏமாறுகிறான். அங்கே ஏச்சு வாங்குகிறான். அடுத்த முறை பொறுத்துப் பார்க்கப் பயப்படுகிறான். பயந்த பிள்ளை முந்தி அசைவான், முந்தி அசைகிறவனைப் பேய்க்காட்டுவது சுகம்.

ஆகவே நான் கேட்பது முதலில் வார்த்தையைப் பற்றி. ஏமாந்து வந்த பிள்ளையிடம் “ஏன் விட்டாய்?” என்று கேட்காமல் “என்னத்தைப் பார்த்தாய்?” என்று கேட்டுப்பாருங்கள். என்னிடம் படிக்கிற 12 வயதுப் பிள்ளை ஒருத்தி யோசித்துவிட்டுச் சொன்னாள்: “அவ சிரிச்சவ சேர், நான் அவவின்ர முகத்தைப் பாத்திட்டன்.” அடுத்த தடவை நான் ஒன்றும் சொல்லவேண்டி இருக்கவில்லை. கால்களைச் சற்று அகட்டி, முழங்காலை மடித்து, கண்ணை இறக்கிக்கொண்டாள். அவளைக் கடக்க எதிராளிக்கு மூன்று முறை முயலவேண்டி வந்தது.

அடுத்தது நேரம். ஒவ்வொரு பயிற்சியிலும் 15 நிமிடம் ஒருவருக்கு ஒருவர் விடுங்கள். அகலம் குறைந்த ஒரு கட்டம், ஒரு பந்து, இரண்டு பேர். கட்டாயம் பாத்திரத்தை மாற்றவேண்டும்: மறித்த பிள்ளை போக்குக் காட்டவேண்டும், போக்குக் காட்டிய பிள்ளை மறிக்கவேண்டும். இதற்குக் காரணம் உண்டு. 2008 இல் இத்தாலியில் சல்வத்தோரே அலியோத்தியும் கூட்டாளிகளும், கூடைப்பந்தில் பந்து வளையத்துள் விழுமா விழாதா என்று மூன்று தரப்பிடம் கேட்டார்கள்: ஆடுகிறவர்கள், பயிற்றுநர்களும் விளையாட்டு நிருபர்களும், ஒன்றும் தெரியாதவர்கள். பந்து கையை விட்டுப் போகமுதல், எறிகிறவரின் உடம்பைப் பார்த்தே முந்திச் சரியாகச் சொன்னவர்கள் ஆடுகிறவர்கள். வருடக்கணக்கில் பார்த்தவர்களுக்கு அது வரவில்லை. எங்களைப் போல வெளியே நின்று பார்க்கிறவர்கள் இதை மனதில் வைக்கவேண்டும். தன் உடம்பால் செய்து பார்த்த அசைவைத்தான் இன்னொரு உடம்பில் விரைவாக வாசிக்கலாம்.

கோல்காப்பாளருக்கு வேறு ஒரு வேலை. உங்கள் கைபேசியில், கோலுக்கு நடுவில் நின்று, உதைக்க ஓடிவரும் பிள்ளைகளைப் படம் பிடியுங்கள். ஊன்றுகால் தரையில் பட்ட கணத்தில் படத்தை நிறுத்திக் கேளுங்கள், எந்தப் பக்கம் என்று. சொல்லுவது மட்டும் போதாது, அந்தப் பக்கத்துக்கு ஓர் அடி வைக்கவும் வேண்டும். மழை நாளில் வகுப்பறையிலேயே செய்யலாம். செலவு ஒன்றுமில்லை.

வலயக் கல்வி அலுவலகங்களில் இருப்பவர்களிடம் தனியாக ஒரு விண்ணப்பம். தாச்சியைப் பொங்கல் விழாவுக்கும் புத்தாண்டு விழாவுக்கும் காட்சிக்கு வைக்கும் விளையாட்டாக விட்டுவிடாதீர்கள். ஆரம்பப் பிரிவிலும் 6 முதல் 9 வரையான வகுப்புகளிலும் உடற்கல்வி நேரத்தில் கிழமைக்கு ஒரு தடவை அது நடக்கட்டும். பந்து வேண்டாம், வலை வேண்டாம், சப்பாத்து வேண்டாம். பத்துப் பன்னிரண்டு பேர், கொஞ்ச நிலம், கோடு போடச் சாம்பலோ சுண்ணாம்போ. வளவுகள் மதிலால் பிரிந்து, பிள்ளைகள் ரியூசனுக்கும் வீட்டுக்கும் இடையில் ஓடுகிற இந்த நாளில், ஊரில் அது தானாகத் திரும்பி வராது. பாடசாலை கொண்டுவந்தால்தான் உண்டு. பெண் பிள்ளைகளையும் சேர்த்தே ஆடவிடுங்கள். தெல்லிப்பழை மகாஜனாக் கல்லூரிப் பெண்கள் உதைபந்தாட்டத்தில் தேசிய மட்டம் வரை பெயர் எடுத்த மாவட்டத்தில், பின்னேர மைதானம் பெடியன்களுக்கு மட்டும் என்று இன்னும் பல இடங்களில் இருப்பது எனக்கு மனவருத்தம்.

தாச்சியில் குறுக்குக் கோட்டில் நின்று மறிக்கிறவரையும், தண்ட உதைக்கு நிற்கிற கோல்காப்பாளரையும் ஒருமுறை பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இருவருக்கும் கோடுதான் எல்லை. பந்து உதைபடும் கணத்தில் கோல்காப்பாளரின் ஒரு காலாவது கோட்டிலோ அதற்கு நேராகவோ பின்னாலோ இருக்கவேண்டும் என்பது சட்டம். பந்து உதைபடும் வரை கோல்காப்பாளரும் மறிக்கிறவரைப் போலப் பக்கவாட்டில்தான் போகலாம். இருவருக்கும் முந்தினாலும் பிழை, பிந்தினாலும் பிழை. எங்கள் முன்னோர் கோல்காப்பாளருக்கு இதைவிட நல்ல பயிற்சி ஒன்றை உண்டாக்கியிருக்க முடியாது.

வருகிற பறுவத்தன்று மாலை ஏழு மணிக்கு எங்கள் கோயில் வடக்கு வீதியில் தாச்சிக்குக் கோடு போடுகிறோம். வீதி விளக்கை இரண்டு மணி நேரம் அணைத்துவைக்கக் கோயில் நிர்வாகம் ஒத்துக்கொண்டிருக்கிறது. இந்த மடலின் பிரதியை நான் போகக்கூடிய பாடசாலைகளுக்கும் கழகங்களுக்கும் நேரில் கொண்டுவந்து தருவேன்; இடத்தை அப்போது சொல்கிறேன். உங்கள் கோல்காப்பாளர் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வாருங்கள். கையுறை பெரிதான அந்தப் பெடியனின் பயிற்றுநருக்கும் ஒரு பிரதி தருவேன். அவரில் எனக்குக் கோபமில்லை, அவரும் பிள்ளை வெல்லவேண்டும் என்றுதான் கத்தினார். அவனை அவர் கூட்டிவந்தால் முதற்கோட்டை அவனுக்கு விடுவோம்.

இப்படிக்கு,
வலிகாமத்திலிருந்து ஒரு பழைய கோல்காப்பாளர்